மைனூ ஏன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான்?

27 நவம்பர் 2025

அன்புள்ள கண்ணா,

நம் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி எவர்டனிடம் தோற்ற மேட்ச் முடிந்ததும் "இனிமேல் நான் பார்க்கப் போவதில்லை அம்மா" என்று ஒரு வரி அனுப்பினாய். மறுநாள் போனில், "பழைய மேனேஜர் ஃபெர்குசனுக்குக் கொடுத்த மாதிரி இப்போதைய மேனேஜர் அமோரிமுக்கும் மூன்று வருஷம் கொடுக்கணும்" என்று நீயே சொன்னாய். ஒரு நாள் இடைவெளியில் இரண்டையும் சொல்கிற அளவுக்கு இந்த அணி உன்னை அலைக்கழிக்கிறது. உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதால் நான் நினைத்ததைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

அந்த மேட்சிலிருந்தே தொடங்குகிறேன். 13வது நிமிடத்தில் எவர்டனின் இத்ரிசா கெயே தன் அணியின் மைக்கேல் கீனையே கன்னத்தில் அறைந்துவிட்டு சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அதற்குப் பிறகு முக்கால்வாசிக்கு மேல் ஆட்டம் மிச்சம். நம் மைதானம், நாம் பதினொரு பேர், அவர்கள் பத்துப் பேர். 29வது நிமிடத்தில் டியூஸ்பரி-ஹால் அடித்த ஒரே கோலில் தோற்றோம். நம் முன்வரிசை வீரர்கள் செஸ்கோவும் குன்யாவும் காயத்தால் ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் எதிரே கோல் அடிக்க ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் நிற்கும்போது, யோரோ, டி லிக்ட், ஷா என்று பின்னால் நின்று கோலைக் காக்கிற நம் மூன்று சென்டர்-பேக்குகளும் இடைவேளை வரை அப்படியே நின்றார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூடுதலாக ஓர் ஆள் இலவசமாகக் கிடைத்திருக்கிறார். அவரை எங்கே நிறுத்தலாம் என்று யோசிக்கத்தானே மேனேஜர்? முப்பது நிமிடத்துக்கு மேல் அந்தக் கேள்வியையே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை வைத்து பின்னால் மூன்று, நடுவரிசையில் நான்கு, முன்னால் மூன்று என்று ஆளை நிறுத்துகிற "3-4-3 அம்மாவுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடாதே. 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்ற பிறகு மேனேஜர் கொன்டே தன் செல்சி அணியை இதே வடிவத்துக்கு மாற்றினார். தொடர்ந்து 13 லீக் மேட்ச் ஜெயித்து 93 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார்கள். இந்த வருஷம் மே மாதம் கிரிஸ்டல் பேலஸ் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று ஜெயித்ததும் பின்னால் மூன்று பேரை வைத்துத்தான். நம்மிடம் இல்லாத விலை உயர்ந்த வீரர்கள் யாரும் பேலஸில் இல்லை. ஆனால் கொன்டே தன்னிடம் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு அந்த வடிவத்துக்குப் போனார். நடுவரிசை நால்வரில் இருவர் ஓரங்களுக்குப் போய்விட, நடுவில் இரண்டே பேர் போதும் என்று அவர் துணிந்ததற்குக் காரணம், அந்த இரண்டு பேரில் ஒருவர் ஓயாமல் ஓடும் நடுக்கள வீரர் கான்டே. நாமோ சட்டையை முதலில் தைத்துவிட்டு அதற்குள் நுழையும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த "நடுவில் இரண்டே பேர்" என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் தலைவலி எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எதிரணி நடுக்களத்தில் மூன்று பேரை நிறுத்தினால் எப்போதும் ஒருவர் தனியாக நிற்பார். அவரைப் பிடிக்க நமக்கு இரண்டு வழி. முன்னால் இருக்கும் மூவரில் ஒருவர் ஓடிப் பின்னால் வர வேண்டும். அல்லது சென்டர்-பேக் ஒருவர் தன் வரிசையை விட்டு மேலே ஏற வேண்டும். முன்னவர் அரை நொடி தாமதித்தால் அந்த மிட்ஃபீல்டர் நிதானமாகத் திரும்பி, தலையை நிமிர்த்தி, வேண்டிய இடத்துக்குப் பந்தை அனுப்புவார். சென்டர்-பேக் ஏறினால் அவர் விட்டுவந்த இடத்துக்குள் ஸ்ட்ரைக்கர் ஓடுவார். இந்தக் கணக்கு சரியாக வர, நடுவில் இருக்கும் இருவரும் மூன்று பேர் ஓடுகிற தூரத்தை ஓட வேண்டும். நம் இருவர் யார்? 33 வயது கசெமிரோ, 31 வயது அணித் தலைவர் புரூனோ. கசெமிரோவின் மூளை இன்னும் கூர்மைதான். எங்கே ஆபத்து வரும் என்று மற்றவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர அவர் கால்களுக்கு இப்போது நேரம் எடுக்கிறது. அதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புரூனோவின் கதை இன்னும் மோசம். பெனால்டி பாக்ஸுக்கு வெளியே இருபது அடியில் நின்று, யாரும் எதிர்பார்க்காத ஒரு பாஸில் ஆட்டத்தையே திறந்துவிடுகிறவர் அவர். அவரைக் கீழே இறக்கி, சொந்த டிஃபெண்டர்களிடம் பந்து வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற வேலையைத் தந்திருக்கிறார்கள். அந்தப் பாஸ் இன்னும் வருகிறது, ஆனால் முப்பது அடி பின்னாலிருந்து வருகிறது.

இப்போது நம் கிளப்பின் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த நடுக்கள வீரன் கோபி மைனூவுக்கு வருவோம். நீ அன்றைக்குக் கேட்டாய் இல்லையா, "பையனிடம் என்ன குறை, ஏன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான்" என்று. குறை அவனிடம் இல்லை. நடுவில் இடம் இரண்டு. ஒன்று கசெமிரோவுக்கு. முன்வரிசையில் இடமில்லை என்று புரூனோவைக் கீழே கொண்டுவந்ததால் மற்றது அவருக்கு. மைனூ புரூனோவோடுதான் அந்த இடத்துக்குப் போட்டியிட வேண்டும் என்று அமோரிமே வெளிப்படையாகச் சொன்னார். அணித் தலைவரோடு இருபது வயதுப் பையன் போட்டியிட்டு ஜெயிக்க முடியுமா? இந்த சீசனில் லீக்கில் ஒரு மேட்சைக்கூட அவன் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை. 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சிட்டிக்கு எதிராக இரண்டாவது கோல் அடித்தவன் அவன். அந்தக் கோலுக்குப் பந்து கொடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? இதே புரூனோ. அந்த வருஷமே யூரோ இறுதியில் இங்கிலாந்துக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடினான். அப்போது அவனுக்கு 19 வயது. அந்த இருவரும் சேர்ந்து ஆட முடியாத ஒரு வடிவத்தை எப்படி நல்ல வடிவம் என்று நான் ஏற்றுக்கொள்வேன்?

1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை யுனைடெட்டின் ஒவ்வொரு மேட்ச் அணியிலும் நம் அகாடமியில் வளர்ந்த ஒருவராவது இருந்திருக்கிறார். போர் வந்தது, வீரர்கள் பலர் இறந்த மியூனிக் விமான விபத்து வந்தது, 1974-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது எல்லாம் வந்தது. அந்தத் தொடர் அறுபடவில்லை. அப்படிப்பட்ட ஒரு கிளப் தன் பிள்ளையை ஒரு வரைபடத்தில் இடமில்லை என்று உட்கார வைத்திருக்கிறது. என் கோபத்துக்கு வேர் இதுதான்.

சரி, நீ சொன்ன மூன்று வருஷத்துக்கு வருகிறேன். கிளப்பின் இணை உரிமையாளர் ஜிம் ராட்கிளிஃபும் அக்டோபரில் அதையேதான் சொன்னார். ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தார், 1990-இல்தான் முதல் கோப்பை, 1993-இல்தான் முதல் லீக். எல்லாம் சரி. ஆனால் அவர் அந்த வருஷங்களில் ஒரே விஷயத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்கவில்லையே! 2000-இல் ரியல் மாட்ரிட் ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்து 3-2 என்று ஜெயித்துவிட்டுப் போன பிறகு, ஐரோப்பாவில் ஆடும் விதத்தையே அவர் மாற்றிக்கொண்டார். முந்தின வருஷம்தான் மூன்று கோப்பையும் ஜெயித்திருந்தார் என்பதை நினைத்துப் பார். 2008 அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராகப் பின்னால் இறங்கிக் காத்து, இரண்டு மேட்சிலும் ஒரு கோல்கூட விடாமல், ஸ்கோல்ஸ் அடித்த ஒரே கோலில் இறுதிக்குப் போனார். தாக்கி ஆடுவதுதான் யுனைடெட் என்று ஊரே சொன்னாலும் அன்றைக்கு எது தேவையோ அதைச் செய்தார். அவருக்கு நேரம் கொடுத்தார்கள், அவர் அந்த நேரத்தில் கற்றுக்கொண்டார்.

அமோரிம் செப்டம்பரில் சிட்டியிடம் 3-0 என்று தோற்றபோது, மாற்றம் வேண்டுமென்றால் ஆளை மாற்றுங்கள் என்றார். சில நாள் கழித்து, போப்பாண்டவரே வந்து சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்றார். தன் வேலையில் நம்பிக்கை உள்ள மனிதர் பேசுகிற பேச்சு அது. போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனை 19 வருஷத்துக்குப் பிறகு சாம்பியன் ஆக்கியவர், அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. ஆனால் அங்கே அவர் தன் ஆட்டத்துக்கேற்பக் கட்டிய அணி அது. இங்கே சீசன் நடுவில் வந்து, வேறு மேனேஜர்கள் வேறு வேறு ஆட்டத்துக்காக வாங்கிய வீரர்களை வைத்துக்கொண்டு, அதே படத்தை வரைகிறார். போன சீசன் 42 புள்ளி, 15வது இடம். பில்பாவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் டாட்டன்ஹாமிடம் ஒரு கோலில் தோல்வி. ஆகஸ்டில் லீக் கோப்பையில் நான்காம் டிவிஷன் அணியான கிரிம்ஸ்பியிடம், இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல் வாங்கி, கடைசியில் பெனால்டியில் 12-11 என்று தோல்வி. இதில் எந்தத் தோல்வியும் அந்தப் படத்தில் ஒரு கோட்டைக்கூட நகர்த்தவில்லை.

அவர் மேல் மட்டும் பழியைப் போடுவதும் நியாயமில்லை. இந்த வடிவத்தை மாற்ற மாட்டார் என்று தெரிந்துதான் கூட்டிவந்தார்கள். அப்படியென்றால் கோடையில் முதலில் வாங்கியிருக்க வேண்டியது ஓடக்கூடிய ஒரு மிட்ஃபீல்டரை. வாங்கியதோ குன்யா, பியூமோ, செஸ்கோ. கிட்டத்தட்ட 20 கோடி பவுண்டு முன்வரிசைக்கே போனது. பியூமோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டை மறந்துவிட்டேன் என்று நீ சொல்வாய். மறக்கவில்லை. அக்டோபரில் லிவர்பூலை 2-1 என்று ஜெயித்தது 2016-க்குப் பிறகு அந்த மைதானத்தில் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி. 84வது நிமிடத்தில் நம் மகுவைர் தலையால் முட்டி கோல் அடித்தபோது நீ அனுப்பிய செய்தியில் எழுத்தே இல்லை, வெறும் ஆச்சரியக்குறிகள். அன்றைக்கு நம் முன்வரிசை மூவரும் பின்னால் ஓடி வந்தார்கள், நடுவில் இருந்த இருவரும் தனியாக விடப்படவில்லை. எதிராளி பந்தை வைத்துக்கொண்டு நம்மைத் தேடி வரும்போது இந்த அணி நன்றாகத்தான் ஆடுகிறது. எவர்டன் மாதிரி பின்னால் உட்கார்ந்து "வா, வந்து உடைத்துப் பார்" என்று சொன்னால்தான் நம்மிடம் பதில் இல்லை. பந்து யோரோவிடமிருந்து டி லிக்டுக்கு, டி லிக்டிடமிருந்து ஷாவுக்கு, மறுபடியும் திரும்பி. அப்புறம் ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் ஒரு கிராஸ்.

நான் அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. ஃபெர்குசனுக்குப் பிறகு வந்த மோய்ஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக் என்று ஒவ்வொருவரையும் அனுப்பி, ஒவ்வொரு முறையும் புது ஆளுக்கேற்ற புது வீரர்களைத் தேடித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம். நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு சென்டர்-பேக்கை எடுத்துவிட்டு மைனூவை நடுவில் போடட்டும், புரூனோ முன்னால் போகட்டும். பத்துப் பேரோடு ஆடுகிற அணிக்கு எதிராகக்கூட அதை உடனே செய்யாதவர் எப்போது செய்வார் என்பதுதான் என் கவலை.

இனி பார்க்க மாட்டேன் என்று சொன்னாயே, அது உன் இஷ்டம். வாரம் முழுக்க உழைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வருத்தப்படத் தேவையில்லைதான். ஆனால் நீ தூரமாகப் போன பிறகு நாம் இருவரும் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் மேட்சுக்கு நடுவில்தான். "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். நம் டாலோ ஏன் அங்கே நின்றார் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவாய், அதற்குள் உன் வேலை, உன் நண்பர்கள், உன் மனசு எல்லாம் வந்துவிடும். எனக்கு அது வேண்டும். அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரிஸ்டல் பேலஸோடு அவர்கள் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் மேட்ச். அவர்கள் மேனேஜர் கிளாஸ்னரும் பின்னால் மூன்று பேரை வைத்துத்தான் ஆடுவார். ஒரே வடிவம், இரண்டு அணி. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. முதல் இருபது நிமிடமாவது பார். பந்து தங்களிடம் இல்லாதபோது பேலஸின் நடுக்கள வீரர்கள் எவ்வளவு தூரம் தனியாக விடப்படுகிறார்கள், நம்மவர்கள் எவ்வளவு தூரம் விடப்படுகிறார்கள் என்று மட்டும் கவனி. நான் பேலஸைப் பார்க்கிறேன், நீ நம் அணியைப் பார். இடைவேளையில் கூப்பிடுகிறேன், போனை எடு.

அன்புடன்,
அம்மா