உரப் பாட்டிலை மூடி வை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "பீன்ஸ் கொடி இவ்வளவு தளதளவென்று இருக்கிறதே, ஏன் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை? இன்னும் என்ன உரம் போடட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உன்னை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் அந்த உரப் பாட்டிலை மூடி ஓரமாக வை. இலை எல்லாம் கரும்பச்சையாக, உள்ளங்கையை விட அகலமாக இருக்கிறது. பூவைக் காணோம். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிஞ்சிப்போனதற்கு இதுதான் அடையாளம். சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது கொடி இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும், பூக்கிற வேலையைத் தள்ளிப்போடும். கீரைக்கு நல்லது என்று வாங்கிய உரம் பீன்ஸுக்கும் நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிட்டாய். கீரையில் நமக்கு இலை வேண்டும், பீன்ஸில் காய் வேண்டும்.

பீன்ஸ் பயறு வகையைச் சேர்ந்தது. ரைசோபியம் என்ற பாக்டீரியா அதன் வேருக்குள் புகுந்து சின்னச் சின்ன முண்டுகளாகக் குடியிருக்கும். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், செடி பதிலுக்கு அதற்குச் சர்க்கரை கொடுக்கும். மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து கொட்டிக் கிடந்தால் செடிக்கு இந்தக் கூட்டாளி தேவைப்படாது, முண்டும் சரியாகக் கட்டாது. அதற்காக ஒன்றுமே போடக்கூடாது என்று இல்லை. காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிப்பதில் பயறு வகைகளிலேயே பீன்ஸ் கொஞ்சம் சோம்பேறிதான். நடும்போது மண்ணோடு மக்கிய எரு கலந்துவிடு, அது போதும். அப்புறம் பூக்கிற வரைக்கும் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

முண்டு கட்டியிருக்கிறதா என்று பார்க்க, உயிரோடு இருக்கும் ஒரு செடியை எடுத்துக்கொள். மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பார். முண்டுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. வேரே அங்கங்கே வீங்கி, தள்ளினாலும் வராமல் இருந்தால் அது வேறு சங்கதி: வேரைத் தாக்கும் நூற்புழு. அப்படி இருந்தால் அந்தத் தொட்டி மண்ணில் அடுத்த தடவை பீன்ஸ் போடாதே, தக்காளியும் கத்தரியும் வேண்டாம்.

பூ வந்த பிறகும் உதிர்ந்தால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். பீன்ஸ் பூவில் மகரந்தச் சேர்க்கை அனேகமாக மொட்டு விரிவதற்கு முன்னாலேயே தனக்குள் நடந்துவிடும். ஆகவே தேனீ வரவில்லையே என்று கவலைப்பட்டு, தூரிகையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். உதிர்வதற்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம். பகல் சூடு 30 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் இறங்காமல் இருந்தால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு விழும். அப்போது செய்யக்கூடியது கம்மிதான்: மண்மேல் சருகு பரப்பு, மத்தியான வெயிலுக்கு ஒரு நிழல் வலை கட்டு, காலையில் தண்ணீர் ஊற்று. சூடு தணிந்ததும் அதே கொடி மறுபடி பூக்கும். இன்னொரு காரணம், மண் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் சொதசொதவென்று இருப்பது. பீன்ஸ் வேர் ரொம்ப ஆழம் போகாது. பூ விடும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் ஒரே சீராக ஈரம் வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்று, கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதே.

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். அடி இலைகளில் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரிகின்றன. நீ அதைப் பார்த்துத்தான் சத்துக்குறை என்று முடிவுகட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறாய் போலிருக்கிறது. எனக்குச் சிவப்புச் சிலந்தி மேல்தான் சந்தேகம். இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டு. தாளில் விழுகிற தூசி நகர்ந்தால் அதுதான். முற்றினால் மெல்லிய நூலாம்படையும் கட்டும். இது சூடும் வறட்சியும் இருக்கிற இடத்தில்தான் பெருகும். மருந்து தேடுவதற்கு முன்னால் ரொம்பக் கெட்ட இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மீதி இலைகளின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடி. காலையில் அடித்தால் இலை சீக்கிரம் காய்ந்துவிடும். சில நாள் விடாமல் செய். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளி. முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முழுக்கத் தெளிப்பது நல்லது.

கொழுந்தில் கறுப்பாக மொய்த்திருந்தால் அது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. எறும்பு வரிசை கட்டி ஏறினால் மேலே அசுவினி இருக்கிறதா என்று பார். அது கசியவிடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். இதற்கும் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும். இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகிச் சுருண்டால் அது பெரும்பாலும் தேமல் நோய், அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடு, மனசு கேட்காவிட்டாலும். துருப் பிடித்ததுபோல் பொடி பொடியாக ஒட்டினால் துரு நோய். அப்படிப்பட்ட இலைகளை எடுத்துவிட்டுக் கொடிக்குள் காற்றுப் போக வழி செய். இலை ஈரமாக இருக்கும்போது செடியில் கை வைக்காதே, ஒரு செடியின் நோயை நாமே அடுத்ததற்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம்.

முதல் விதைப்பில் பாதி முளைக்கவில்லை என்று சொன்னாயே, அதற்குக் குளிர்ந்த ஈர மண்தான் காரணமாக இருக்கும். மண் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விதை முளைப்பதற்குள் அழுகிவிடும். விதையை ராத்திரி முழுக்க ஊறவைக்கவும் வேண்டாம், தோல் வெடித்துப் பருப்பு பிளந்துபோகும். 3 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, ஒரு தடவை நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரிகிறவரை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேல்மண் இறுகிவிடக் கூடாது. பீன்ஸ் தன் இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். இறுகின மண்ணை முட்டிக்கொண்டு வரும்போது நடுக் குருத்து ஒடிந்தால் மொட்டைத் தண்டுதான் மிஞ்சும்.

நீ நட்டிருப்பது கொடி பீன்ஸ், செடி பீன்ஸ் இல்லை. செடி வகை என்றால் 50, 60 நாளில் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிடும். கொடி வகைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஆனால் வாரக்கணக்கில் தரும். நுனி தொங்கினால் குச்சியில் நீயே சுற்றிவிடலாம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்று. மாற்றிச் சுற்றினால் அது தானாகவே பிரிந்து வந்துவிடும். இதைப் பார்க்க எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கும்.

காய் பிடிக்க ஆரம்பித்ததும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பறித்துவிடு, பிஞ்சாக இருக்கும்போதே. உள்ளே விதை புடைக்க விட்டால், வந்த வேலை முடிந்தது என்று கொடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும். விதைக்கு வேண்டுமானால் நோயில்லாத ஒரு கொடியில் கடைசியாக வரும் காய்களை மட்டும் விட்டுவை, கொடியிலேயே காய்ந்து சலசலக்கட்டும்.

இப்போதைக்கு உரத்தை நிறுத்து, தாளைப் பிடித்துத் தட்டிப் பார். அடுத்து அனுப்புகிற படம் இலையின் அடிப்பக்கமாக இருக்கட்டும், கிட்டத்தில் வைத்து வெளிச்சத்தில் எடு. மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது.

அன்புடன்,
அப்பா