கழுகு முத்திரைகள் எல்லாம் ராணுவ முத்திரைகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, அவற்றில் பொறிக்கப்பட்டுள்ள சிறு குறிகள் அனைத்தையும் ராணுவ முத்திரை என்றே குறிப்பிடுகிறது. அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்கியது என்று உறுதிசெய்தபின் இடப்படுவது சோதனை முத்திரை. படைத்துறை ஆய்வாளர் பாகங்களைப் பரிசோதித்து ஏற்றுக்கொண்டதைக் காட்டுவது ஏற்பு முத்திரை. இரண்டும் வேறு.

ஜெர்மன் பேரரசுக் காலத்தில் பெர்லினில் டி.டபிள்யூ.எம். என்ற ஆயுத நிறுவனம் படைக்காகத் தயாரித்த லூகர் கைத்துப்பாக்கியின் வலப்புறத்தில், கிரீடம் சூடிய மூன்று எழுத்துகளும் அவற்றுடன் ஒரு கழுகும் காணப்படும். எழுத்துகள் ஆய்வாளர்களுடைய குடும்பப் பெயரின் முதலெழுத்துகள்; கழுகுதான் சுட்டுப் பார்த்ததற்கான அடையாளம். எர்ஃபுர்ட் அரசு ஆயுதச்சாலையிலோ சின்னஞ்சிறு பாகங்களிலும் கிரீட எழுத்தைப் பொறித்தார்கள். இதைக் கண்டு அரச குடும்பத்தின் உடைமை என்று எண்ணுவதற்கு இடமில்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுச் சந்தைக்கான துப்பாக்கிகளிலும் கிரீடத்தின் கீழ் பி, யு, ஜி ஆகிய எழுத்துகள் இடப்பட்டன.

கட்டுரையின் பெரிய பிழை, கழுகின் கீழுள்ள 'என்' எழுத்தை நாஜிப் படையின் சின்னம் என்று எழுதியதாகும். புகையற்ற வெடிமருந்தைக் கொண்டு சோதித்ததையே அது குறிக்கிறது. கிரீடத்துடன் இருந்த அதே எழுத்து, 1940 முதல் கழுகுடன் இடப்பட்டது. வால்தர் ஆலையின் பிபிகே வகைக் கைத்துப்பாக்கியில் இந்த முத்திரை மட்டும் இருந்தால், படை அதை ஏற்றது என்பதற்கு அது சான்றாகாது. கழுகின் கீழ் 359 என்ற எண்ணும் இருந்தால்தான் வால்தர் ஆலையிலிருந்த ராணுவ ஆய்வாளரின் ஏற்பு என்று கொள்ளலாம். மாசர் ஆலையின் லூகர்களில் அந்த இடத்தில் 655 போன்ற எண்கள் வரும். விலையை ஏற்றுவதற்காகப் பிற்காலத்தில் போலியாக அடிக்கப்படுவதும் இத்தகைய எண்கள்தாம் என்பதால், எண் இருந்தாலும் ஐயத்தோடு பார்ப்பதே நல்லது.

1916 என்ற தயாரிப்பு ஆண்டுக்கு அருகில் 1920 என்றும் பொறித்திருப்பதைக் கட்டுரை மறுதயாரிப்பு என்கிறது. முதல் உலகப் போருக்குப்பின் அரசின் உடைமை என்று காட்ட இடப்பட்ட குறி அது.

கட்டுரையுடன் வந்த படத்தில் கழுகும் 'என்' எழுத்தும் மட்டுமே தெரிகின்றன. ஆகவே 'அதிகாரியின் ராணுவத் துப்பாக்கி' என்ற படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்