முப்பது வீட்டுக்கு எதற்குச் சாலை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'முப்பது வீட்டுக்காக மலையில் இவ்வளவு செலவு செய்து சாலை போட வேண்டுமா?' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சேர்வராயன் மலையில் காப்பி போட்டிருக்கும் எனக்கு அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பர் இயந்திரத்தில் போட்டுத் தோலெடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் மூட்டைக்குள்ளேயே புளித்துவிடும். எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் எல்லோரிடமும் பல்பர் கிடையாது. இருக்கிற தோட்டத்துக்கு ஜீப்பில் ஏற்றிப்போக வேண்டும். பறிப்பு தொடங்குவது நவம்பர் வாக்கில். வடகிழக்குப் பருவமழை பாதையை அறுத்துப் போடுவதும் அப்போதுதான். ஜீப் வரவில்லையென்றால் பழத்தை அப்படியே களத்தில் கொட்டி, தோலோடு செர்ரியாகக் காயவைக்க வேண்டியதுதான். தோலெடுத்துக் காயவைத்த பார்ச்மென்ட் காப்பிக்குக் கிடைக்கிற விலை செர்ரிக்குக் கிடைக்காது. அதே செடி, அதே உழைப்பு, பாதை கெட்டதால் மட்டும் நட்டம். முப்பது வீட்டை எண்ணியவர் இதையும் எண்ணியிருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கும் தார்ச்சாலை போட்டார்கள். ஓரத்தில் வடிகால் மட்டும் வெட்டவில்லை. இரண்டாவது மழைக்கே தண்ணீர் நடுச்சாலையில் ஓடி, வளைவில் தார் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஜல்லியெல்லாம் கீழே மிளகுக்கொடிகளின் அடியில் கிடக்கிறது. மலையில் பணம் கரைகிறது என்றால் காரணம் இதுதான்.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் வந்தது. போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது அதில் நல்ல விதி. சரி, ஆறாவது ஆண்டு?

சாலை வந்தால் விளைச்சல் பெருகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி ஆஷர், நோவோசாட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்விலும், விவசாயத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வயல் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள்தான் கூடினார்கள். அதுவும் வருமானத்துக்கான வழிதானே? எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போய் வருகிறான். பாதை அறுந்த வாரங்களில் போக முடியவில்லை, அந்த நாட்களுக்குக் கூலியும் இல்லை.

மலைச் சாலைக்கு மதிப்பீடு போடும்போதே வடிகாலையும் சிறுபாலத்தையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், வருடா வருடம் செப்டம்பருக்குள் அந்த வடிகாலைத் தூர்வாரப் பஞ்சாயத்துக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பாதைக்குப் பத்துப் பேர் மண்வெட்டியோடு இறங்கினால் இரண்டு நாள் வேலை.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.