பொது மீட்டர் யார் வீட்டுக் கணக்கு?

நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும், கூடவே 48 வீட்டாருக்கும் வணக்கம்.

நேற்று விடியற்காலை ஐந்தேகாலுக்குச் சத்தம் கேட்டு எழுந்தேன். மழையோ என்று ஜன்னலைத் திறந்தால், மொட்டை மாடி டேங்க் வழிந்து சன்ஷேடில் கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மாடி இறங்கி வாட்ச்மேனை எழுப்பி மோட்டாரை நிறுத்தும்போது ஐந்தே முக்கால். இந்த மாதத்தில் இது நான்காவது தடவை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ராத்திரி முழுக்க கேட்டைத் திறந்து மூடுகிறவர், டேங்க் நிரம்புவதையும் காதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எப்படி? ஆட்டோமேட்டிக் கட் கெட்டுப்போய் ஒன்றரை வருடமாகிறது.

5 எச்.பி. மோட்டார் அது. சும்மா ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் காலி.

படிக்கட்டுக்கு வாருங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட் 24. சோக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் சுமார் 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. போட்டாலே ராத்திரிக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் மிச்சம். வருடக் கணக்கில் 3,000 யூனிட்டைத் தாண்டும். நம் நாட்டு கிரிட்டில், அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுவரும் மின்கட்டமைப்பில், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆக, படிக்கட்டு விளக்கை மாற்றினாலே வருடத்துக்கு இரண்டு டன் குறையும். இது இரவுக் கணக்குதான். காலை பத்து மணி வெயிலிலும் அவை எரிவதைச் சேர்க்கவில்லை.

சொந்த வீட்டில் ஃபேன் சுற்றினால் ஓடிப்போய் நிறுத்துகிறவர்கள்தான் நாம் எல்லோரும். பொது மீட்டர் பில் 48 பங்காகி மெயின்டனன்ஸுக்குள் கரைந்துவிடுகிறது, அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

“நம்ம ஒரு கட்டடம் நிறுத்தினா உலகம் குளிர்ந்திடுமா?” என்று போன மீட்டிங்கில் ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தோம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது முழுக்க நம்மைப் போன்ற வீடுகளும் கடைகளும் ஆலைகளும்தானே? பொழுது சாய்ந்தால் சோலார் இல்லை. காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கம் காற்றும் ஆடியை ஒட்டித்தான் பலமாக அடிக்கும். மற்ற நாளில் ராத்திரி ஏ.சி. பெரும்பாலும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. 2020 முதல் ஸ்டார் முத்திரை ஏ.சி.கள் 24 டிகிரியில் வைத்தேதான் வருகின்றன. நாம்தான் 18க்கு இறக்கிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோம். (போன வருடம் வரை நானும்தான்.) ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மின்சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. பி பிளாக்கில் ஒரே ஒரு வீட்டு இன்வெர்ட்டரில் அத்தனை பேர் போனும் முறை வைத்துச் சார்ஜ் ஏறியது. வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் ஒருவரும் மூன்றாவது குடம் எடுக்கவில்லை. கடல் சூடாகச் சூடாக இப்படிப்பட்ட மழை கூடும் என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கரண்ட் வந்த அன்றைக்கே நாம் பழையபடி ஆகிவிட்டோம்.

மொட்டை மாடியில் உடைந்த நாற்காலிகள் காயும் இடத்தில் சோலார் வைக்கலாம். குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கு மத்திய அரசின் மொட்டை மாடி சோலார் திட்டமான பி.எம். சூர்யகரில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்குக் கொட்டேஷன் வாங்கி, கூடிப் பேசி முடிவெடுக்க நாளாகும், தெரியும். எல்.இ.டி.யும் விளக்குக்கு ஒரு டைமரும் இந்த மாதமே போடலாமே?

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பார்க்கிங் சண்டை தொடங்குவதற்கு முன்னால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கட் செலவு என்னுடையது. சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வருகிறார். மொட்டை மாடிச் சாவியை மட்டும் செயலாளர் எடுத்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
சி பிளாக், நான்காவது மாடி