காளான் வேறு, வேர்ப்பூஞ்சை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு வீடுகளில் பழமரம் வளர்ப்பதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், மரவேர்களோடு கூடி வாழும் மண்பூஞ்சைகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி தந்தது. உரத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு வேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் அக்கட்டுரையின் இரண்டு கருத்துகளை மறுப்பின்றி விட்டுவிட்டால், படிப்பவர்கள் பணத்தையோ மரத்தையோ இழக்க நேரிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மரத்தடியில் முளைத்த காளானின் படத்தைப் போட்டு, வேர்ப்பூஞ்சை செழித்திருப்பதற்கு அதுவே அடையாளம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். மா, பலா, கொய்யா, சப்போட்டா, மாதுளை, எலுமிச்சை ஆகியவற்றின் வேருக்குள் குடியிருப்பவை ஆர்பஸ்குலர் வகைப் பூஞ்சைகள். தமிழக வேளாண் துறையினர் வேர் உட்பூசணம் என்றும் வேம் என்றும் சொல்வது இவற்றைத்தான். இவை ஒருபோதும் காளானாக வெளியே தலைகாட்டுவதில்லை. வேர்த்துணுக்கைக் காரக் கரைசலில் சூடாக்கி, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் இவை புலப்படும். பைன், ஓக் முதலிய மரங்களோடு கூடும் வேறொரு வகைப் பூஞ்சைதான் காளானாக மேலே வருகிறது. மரங்கள் பூஞ்சை இழைகளின் வழியே ஒன்றுக்கொன்று உணவு அனுப்புகின்றன என்று கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய செய்தியும் அத்தகைய காடுகளைச் சேர்ந்தது. கனடாவில் டக்ளஸ் ஃபிர், பிர்ச் மரங்களை வைத்து சூசன் சிமார்டு குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது புகழ்பெற்றது. அந்தக் காடுகளிலேயே அது எவ்வளவு தூரம் நிறுவப்பட்டிருக்கிறது என்று 2023இல் அத்துறை ஆய்வாளர்கள் சிலரே கேள்வி எழுப்பியிருக்கும்போது, அதை அல்சூர் வீட்டுக் கொல்லை மாமரத்தின்மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

மரத்தடிச் சருகு மக்கும்போது முளைக்கும் சிறு குடைக்காளான்களால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அடிமரத்தை ஒட்டி, பலகைபோல் கெட்டியாக, பழுப்பும் சிவப்புமாகப் பளபளத்து வளர்வது கனோடெர்மா என்னும் மர அழுகல் பூஞ்சையாக இருக்கக்கூடும். தென்னை வைத்திருப்பவர்கள் அஞ்சும் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குவது இந்த இனம்தான். வேறு பல மரங்களின் வேரையும் அடித்தண்டையும் இது அழுகச் செய்யும். அதைக் கண்டு மகிழ்ந்திருப்பவர், ஒரு நாள் காற்றில் மரம் சாயும்போதுதான் விவரம் அறிவார்.

இரண்டாவது கருத்து, எல்லாப் பழமரங்களுக்கும் ஆண்டுதோறும் கடையில் வேர்ப்பூஞ்சைத் தூள் வாங்கிப் போட வேண்டும் என்பது. இது எதனால் தேவையற்றது என்பதற்கு, வேருக்கும் பூஞ்சைக்கும் இடையிலான கூட்டு எவ்வாறு நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அனேகமாக நகராத சத்து. பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. வேர் தன்னை ஒட்டிய மில்லிமீட்டர் கணக்கான மண்ணிலிருந்து மணிச்சத்தை உறிஞ்சித் தீர்த்ததும், அப்பால் இருப்பது அதற்கு எட்டாமல் போகிறது. வேரைவிடப் பன்மடங்கு மெல்லிய பூஞ்சை இழைகள் சில சென்டிமீட்டர் தொலைவுவரை சென்று, வேர் நுழைய முடியாத இடுக்குகளிலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகின்றன. இதற்கு ஈடாக மரம், தான் இலையில் தயாரித்த உணவில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடு வரை, சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. இது சிறிய தொகை அன்று. ஆகவே மணிச்சத்துப் பஞ்சம் இருக்கும்போதுதான் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் பொருளைக் கசியவிட்டுப் பூஞ்சையை அழைக்கிறது. மண்ணில் மணிச்சத்து மிதமிஞ்சி இருந்தால் அந்த அழைப்பு குறைந்துவிடுகிறது. ஒரு கையால் மணிச்சத்து உரங்களான டி.ஏ.பி.யும் சூப்பர் பாஸ்பேட்டும் அள்ளிப் போட்டுவிட்டு, மறு கையால் பூஞ்சைத் தூள் தூவுவதில் என்ன பயன்?

நெடுநாள் மரம் நிற்கும் மண்ணில் இப்பூஞ்சைகள் இயல்பாகவே இருக்கின்றன. அவற்றை நலிவடையச் செய்பவை நம் பழக்கங்கள்தான்: பாத்தியை அடிக்கடி ஆழமாகக் கொத்தி இழைகளை அறுப்பது, களை என்று எல்லாப் புல்லையும் பிடுங்கித் தரையை மொட்டையாக்குவது, சிறு நோய்க்கும் கார்பெண்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லிக் கரைசலை வேரில் ஊற்றுவது, முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிடுவது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. பெங்களூருவில் நாம் அப்படி ஓர் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தூளுக்கு உரிய இடமும் உண்டு, அதை மறுக்கவில்லை. அடித்தளத்துக்காக ஆழத் தோண்டி எடுத்த செம்மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டி நிரப்பிய மனைகளிலும், தென்னைநார்க் கழிவில் வளர்க்கப்பட்ட ஒட்டுக் கன்றுகளிலும் பூஞ்சை வித்துகள் மிகக் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவில் எலுமிச்சை இன நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளை ஒழிக்க மண்ணுக்கு நச்சுப்புகையூட்டியபோது கன்றுகள் குட்டையாக நின்றுவிட்டன. வேர்ப்பூஞ்சையும் சேர்ந்து அழிந்ததே காரணம் என்று கிளைன்ஷ்மிட், கெர்டெமன் ஆகிய இருவரும் 1972இல் காட்டினர். வேர்த்தூவி குறைந்த எலுமிச்சை இனம் இப்பூஞ்சையைப் பெரிதும் நம்பியிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற தேவனஹள்ளிப் பம்பளிமாசும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், விமான நிலையப் பக்கம் புதிதாக வீடு கட்டி அந்தக் கன்றை நட விரும்புவோர் இதைக் கவனத்தில் கொள்ளலாம். கன்று நடும்போது குழியில் 20 கிராம் வேர் உட்பூசணத்தை வேரில் படும்படி இடுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மரத்தின் மேல்மண்ணில் தூவிவிட்டு நீர் ஊற்றுவது வேரைச் சென்றடையும் என்று சொல்வதற்கில்லை.

வாங்குவோர் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. இப்பூஞ்சையை உயிருள்ள வேரில் மட்டுமே வளர்க்க முடியும். சோளம், மக்காச்சோளம் போன்ற பயிரைத் தொட்டியில் வளர்த்து அதன் வேரையும் மண்ணையும் சேர்த்துத்தான் வழக்கமாகத் தயாரிக்கிறார்கள். பச்சை நிறப் பொடியாக விற்கும் டிரைக்கோடெர்மா முற்றிலும் வேறான பூஞ்சை. அது வேரழுகலுக்கு எதிராகப் பயன்படுவது. மணிச்சத்தைக் கொண்டுவரும் கூட்டாளி அன்று. கட்டுரையில் இரண்டும் ஒரே பெயரில் குழம்பிக் கிடந்தன.

டி. ஜே. பாக்யராஜ் அவர்கள் பேராசிரியராக இருந்து பல பத்தாண்டுகள் இப்பூஞ்சைகளை ஆராய்ந்த, வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகம் நம் நகரிலேயே இருக்கிறது. அங்குள்ள வேளாண் நுண்ணுயிரியல் துறையினர் ஒருவரை அணுகி, வீட்டுக்காரர்கள் வேரையும் மண்ணையும் எப்படிச் சோதித்துக்கொள்ளலாம் என்று தமிழில் ஒரு விளக்கம் பெற்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றாலும், மழைக்காலத்தில் அடிமரங்களில் காளான் தோன்றும் என்பதால், அந்தப் படக்குறிப்புக்கான திருத்தத்தை மட்டுமாவது அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.