முற்றிய கல்லீரல் நோய்க்கு அளிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை குறித்த புகார்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்

பொருள்: பொய்யான நம்பிக்கை தந்து, கல்லீரல் மாற்று அறுவைக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போட வைத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) முற்றி, வயிற்றில் நீர் கோத்த நிலையில் இருந்த என் அண்ணனைத் தங்கள் மையத்துக்கு அழைத்து வந்தவள் நான். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் கல்லீரல் தானாகவே தேறிவிடும் என்று தங்கள் ஆலோசகர் உறுதி கூறினார். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றும், அதுவரை மாற்று அறுவைக்கான பரிசோதனைகள் வேண்டாம் என்றும் சொன்னார். வீணான அந்த மூன்று மாதத்துக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆறாவது வாரம் தாங்கள் தந்த அறிக்கையில், கல்லீரல் உற்பத்தி செய்யும் புரதமான அல்புமினின் அளவு ரத்தத்தில் கூடியிருப்பதை வட்டமிட்டுக் காட்டி, 'கல்லீரல் புத்துயிர் பெறுகிறது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் வேறொரு மருத்துவமனையில் அவர் வயிற்றிலிருந்து ஏழு லிட்டர் நீரை வெளியேற்றி, வழக்கப்படி அல்புமினை ஊசி வழியாக ஏற்றியிருந்தார்கள். இது தங்கள் மருத்துவருக்குத் தெரியும். சீட்டை நானே அவர் கையில் கொடுத்தேன். அதே அறிக்கையின் கீழ்ப்பகுதியில் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சிகிச்சைக்கு முன் 18 ஆக இருந்த அவருடைய மெல்டு ஸ்கோர் (கல்லீரல் நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்; கூடினால் நிலை மோசம்) மூன்றாம் மாத முடிவில் 23 ஆகிவிட்டது.

பிரிட்டனில் 81 சிரோசிஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான 'ரியலிஸ்டிக்' ஆய்வில், அவரவர் உடலிலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்களைச் செலுத்தியும் மெல்டு ஸ்கோர் மேம்படவில்லை. செல் பெற்றவர்களிடம் பாதகமான விளைவுகளே அதிகம் காணப்பட்டன. அவர்கள் என் அண்ணன் அளவுக்கு நோய் முற்றாதவர்கள். தங்களுடையது வேறு வகைச் செல் என்று தாங்கள் பதில் சொல்லக்கூடும். அப்படியானால் அந்த வகைச் செல்லுக்கு, ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்வு எதை நம்பி உறுதி கூறினீர்கள் என்பதை எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

ஒப்புதல் படிவத்தின் நகலைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அண்ணனின் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். படிவத்திலோ அது கோட்டை விட்டுக் கீழே சரிந்து, கடைசி இரண்டு எழுத்துகள் இல்லாமலே நின்றுவிட்டது. கல்லீரல் நோய் மூளையைப் பாதித்ததால் லாக்டுலோஸ் சிரப் குடித்துக்கொண்டு, அன்றைய கிழமையைக்கூடச் சொல்ல முடியாமல் இருந்தவரிடம் தாங்கள் சம்மதம் பெற்றிருக்கிறீர்கள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்; என்னை ஒருவரும் அழைக்கவில்லை.

செலுத்திய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மாற்று அறுவை தேவைப்படாது என்ற வாசகத்தைத் தங்கள் விளம்பரங்களிலிருந்து நீக்க வேண்டும். இவற்றைவிட அவசரமானது ஒன்று உண்டு. அண்ணன் இப்போது மாற்று அறுவைக்காகக் காத்திருக்கிறார். பிறருடைய செல்கள் உடலில் சென்றிருப்பதால், தானமாகக் கிடைக்கும் கல்லீரலை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கின்றனவா என்று அவருடைய மருத்துவர்கள் பார்க்க விரும்புகிறார்கள். ஆகவே, செலுத்திய செல்களின் வகை, எண்ணிக்கை, தொகுதி எண், தொற்றுப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் தங்கை