காது இல்லாத தட்டு

அன்புள்ள முரளி,

கடையில் நீ பார்த்துவைத்த பழைய இசைத்தட்டுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் எடுத்து வைப்பார் என்கிறாய். அதனால் லண்டன் குளிர், உன் முழங்கால் வலி எல்லாம் பிறகு. முதலில் பதில்: ஜாஸ் ட்ரம்பெட்காரர் லீ மார்கனின் தட்டை அந்த விலைக்கு வாங்காதே. அன்சர்மே இசைக்குழுவை நடத்திய கிளாசிக்கல் தட்டை விடாதே. கராயான் நடத்திய பீத்தோவன் சிம்பொனிப் பெட்டியைச் சோதித்துவிட்டு வாங்கு. ப்ரெஸ்டீஜ் நிறுவனத்து ஜாஸ் தட்டு உன் இஷ்டம்.

லீ மார்கனுக்கு என்ன குறை என்றால், அதற்குக் காது இல்லை. ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் 4157ஆம் எண் தட்டு, மோனோ. உறை அசல். லேபிளில் 'நியூயார்க் யு.எஸ்.ஏ.' என்று இருக்கிறது, அதுவும் சரிதான். ப்ளூ நோட் லேபிளில் முதலில் லெக்சிங்டன் அவென்யூ 767, பிறகு 47 வெஸ்ட் 63ஆம் தெரு, 1962 வாக்கிலிருந்து வெறும் நியூயார்க் யு.எஸ்.ஏ. என்று முகவரி மாறிக்கொண்டே வந்தது. இது 1964இல் வெளிவந்த தட்டு, கணக்கு ஒத்துப்போகிறது. இசை முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில், நம்மவர்கள் டெட் வாக்ஸ் என்று சொல்லும் இடத்தில், இசையைப் பதிவு செய்து தட்டுக்கான மூலத்தையும் வெட்டிய ரூடி வான் கெல்டரின் முத்திரையும் தெரிகிறது. கடைக்காரர் இந்த மூன்றையும் வைத்துத்தான் முதல் பதிப்பு விலை சொல்கிறார். ஆனால் அந்த நாளில் ப்ளூ நோட்டுக்குத் தட்டு அழுத்திக் கொடுத்தது நியூ ஜெர்சியில் இருந்த ப்ளாஸ்டிலைட் ஆலை. அங்கிருந்து வந்த தட்டின் டெட் வாக்ஸில் 'பி' என்ற ஆங்கில எழுத்தைச் சாய்த்து எழுதியதுபோல ஒரு சின்னப் பொறிப்பு இருக்கும். பார்ப்பதற்குக் காது மாதிரி இருப்பதால் சேகரிப்பாளர்களுக்கு அது காது. 1966 வாக்கில் ப்ளூ நோட் லிபர்ட்டி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனபின் வேறு ஆலைகளில் அழுத்தினார்கள். பழைய லேபிள் கட்டுக்கட்டாக மிஞ்சிக் கிடந்தது, அதையே ஒட்டினார்கள். பழைய உலோக மூலங்களையும் பயன்படுத்தினார்கள், அதனால் வான் கெல்டர் முத்திரையும் வந்துவிடும். காது ப்ளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம், அது மட்டும் வராது. லேபிள் சரி, முத்திரை சரி, காது இல்லை என்றால் அது 1966க்குப் பிந்தைய தட்டு.

படத்தில் தெரியாமல் போயிருக்கலாம். கையில் வாங்கி, ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்து, இரண்டு பக்கமும் பார். இல்லை என்றால் அவர் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கேள். அந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். வான் கெல்டர் வெட்டிய அதே மூலத்திலிருந்து வந்த தட்டுதான், ஒலியில் குறை சொல்ல முடியாது.

'ஒரு பக்கம்தான் டீப் க்ரூவ் இருக்கிறது, அதனால் சந்தேகம்' என்று எழுதியிருந்தாயே, அந்தச் சந்தேகம் வேண்டாம். லேபிளின் மேல் விழுந்திருக்கும் வட்டப் பள்ளம் பழைய அழுத்துப்பொறியின் அச்சு விட்ட தடம், அவ்வளவுதான். ஐம்பதுகளில் இரண்டு பக்கமும் இருக்கும். அறுபதுகளில் பழைய அச்சும் புது அச்சும் கலந்து ஓடியதால் ஒரு பக்கம் இருக்கும், இரண்டிலும் இருக்கும், சுத்தமாக இல்லாமலும் இருக்கும். 1957ஆம் ஆண்டு ப்ளூ நோட் 1500 வரிசைத் தட்டு முதல் பதிப்பு என்பதற்கு அது சாட்சி. 1964க்கு அது எதையும் நிரூபிக்காது.

மோனோவா ஸ்டீரியோவா என்ற பழைய சண்டைக்கும் ஒரு வரி. 1958 இறுதிவரை வான் கெல்டர் மோனோவுக்குத் தனி நாடா ஓட்டினார். அதற்குப் பிறகு இரண்டு தட நாடா மட்டுமே, அதைச் சமமாகக் கலந்துதான் மோனோ வெட்டினார். ஆகவே 1964 மோனோவுக்குத் தனி மகிமை ஒன்றும் இல்லை, ஸ்டீரியோ மலிவாகக் கிடைத்தால் தயங்காதே.

ப்ரெஸ்டீஜ் மஞ்சள் லேபிளில் 446 வெஸ்ட் 50ஆம் தெரு என்றால் முந்தையது, பெர்கன்ஃபீல்ட், நியூ ஜெர்சி என்றால் 1958 அல்லது அதற்குப் பின். உன்னுடையது பெர்கன்ஃபீல்ட். கேட்கும் விலை நியாயம்தான்.

இப்போது அன்சர்மே. இங்கிலாந்து டெக்கா நிறுவனத்தின் எஸ்.எக்ஸ்.எல். 2000 வரிசை, ஜெனீவா விக்டோரியா ஹாலில் பதிவானது, லேபிளின் குறுக்கே அகலமான வெள்ளிப் பட்டை, விளிம்பை ஒட்டி வட்டப் பள்ளம். பள்ளம் உள்ள அகலப்பட்டை முந்தியது, பள்ளம் இல்லாத அகலப்பட்டை அடுத்தது, ஏறக்குறைய 1970 முதல் குறுகிய பட்டை. ஜாஸ்காரர்களுக்கு வான் கெல்டர் ஒருவர் போதும், டெக்காவில் ஒரு படையே வெட்டியது. யார் வெட்டியது என்பதை டெட் வாக்ஸே சொல்லிவிடும். தட்டை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள். 6 மணி இடத்தில் 'இசட் ஏ எல்' என்று தொடங்கும் எண், கடைசியில் ஒரு கோடு, பிறகு '2இ' மாதிரி ஒன்று. இரண்டு என்பது இரண்டாவது முறை வெட்டிய லாக்கர், அதாவது இசையை முதலில் வெட்டும் மூலத் தட்டு. 'இ' வெட்டியவர், ஸ்டான் குட்டால். 'டபிள்யூ' என்றால் ஹாரி ஃபிஷர், 'ஜி' என்றால் டெட் பர்கெட். லாக்கரிலிருந்து உலோக மூலம், மூலத்திலிருந்து 'மதர்', மதரிலிருந்து தட்டை அழுத்தும் 'ஸ்டாம்பர்'. 9 மணியில் மதரின் எண். 3 மணியில் ஒன்றிரண்டு எழுத்து, அதுதான் ஸ்டாம்பர்.

அந்த எழுத்துக்கு ஒரு சங்கேதம் உண்டு. 'பக்கிங்ஹாம்' என்ற சொல்லில் பத்து ஆங்கில எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. பி 1, யு 2, சி 3, கே 4, ஐ 5, என் 6, ஜி 7, எச் 8, ஏ 9, எம் 0. உன் படத்தில் முதல் பக்கம் 3 மணியில் 'யு' போலத் தெரிகிறது. அப்படியானால் இரண்டாவது ஸ்டாம்பர். ஸ்டாம்பர் அழுத்த அழுத்தத் தேயும், ஒரு வரம்புக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். சின்ன எண் என்றால் ஆரம்பகாலத் தட்டு. இன்னொரு ஆங்கில நிறுவனமான ஈ.எம்.ஐ.யிலும் இதே ஏற்பாடுதான், 'கிராமஃபோன் லிமிடெட்' என்பதைச் சுருக்கிய பத்து எழுத்து: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5 என்று போகும்.

இதே டெக்கா பதிவுகள் அமெரிக்காவில் 'லண்டன்' என்ற பெயரில் சி.எஸ். 6000 வரிசையாக விற்றன, அங்கே டெக்கா என்ற பெயர் வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால். அழுத்தியது இங்கிலாந்தில்தான், டெட் வாக்ஸ் எண்ணும் அதே. பின்னுறையில் நீல ஓரம் இருப்பதால் ப்ளூபேக் என்பார்கள். பெயருக்காகப் பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் அதைத்தான் தேட வேண்டும்.

கராயான் பெட்டி, டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 1963 பீத்தோவன், எட்டுத் தட்டு. ஓரத்தில் துலிப் பூக்கள் வரைந்த பழைய லேபிள். ஏராளமாக விற்றதால் மலிவு. யோஹன்னா மார்ட்ஸி வாசித்த பாக் தனி வயலின் தட்டுகள், கொலம்பியா 33சிஎக்ஸ் வரிசை, ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போவதற்கு நேர் எதிர்க் காரணம்தான்: அன்று அதை வாங்கியவர்கள் சொற்பம். பெட்டியில் ஐந்தாம், ஒன்பதாம் சிம்பொனித் தட்டுகளை மட்டும் நன்றாகப் பார். எந்த வீட்டிலும் அவைதான் தேய்ந்திருக்கும். நான்கும் எட்டும் பெரும்பாலும் தொடாமல் கிடக்கும்.

தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. கீறல் கண்ணுக்குத் தெரியும். நகத்தை மெதுவாக ஓட்டிப் பார், மாட்டினால் சுற்றுக்கு ஒரு 'டிக்' நிச்சயம், அதாவது 1.8 வினாடிக்கு ஒன்று. குறுக்கே ஒரு சென்டிமீட்டர் கீறல் ஒலிப்பள்ளத்தின் ஏறக்குறைய 90 வரிகளைக் கடக்கும். இரண்டரை நிமிடத்துக்கு மேல் டிக், டிக் என்று அடிக்கும். பியானோ ட்ரையோவில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், சிம்பலும் ட்ரம்ஸும் மறைத்துவிடும். மெதுவான அசைவில் ஒற்றை ஓபோ வாசிக்கும்போது முடியாது. அதனால்தான் 'விஜி ப்ளஸ்' (மிக நன்று என்பதற்கு ஒரு படி மேல்) என்ற தரம் ஜாஸ் கடையில் ஒரு பொருள், கிளாசிக்கல் கடையில் வேறு பொருள்.

ஊசி தின்ற தேய்மானமோ பளபளப்பான தட்டிலும் இருக்கும். ஊசியைத் தாங்கும் அன்றைய செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் 5, 6 கிராம் பாரத்தோடு உழுதன, இன்று நாம் வைப்பது 2 கிராமுக்குள். தட்டைச் சாய்த்தால் உரத்த பகுதிகள் கருமைக்குப் பதில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், தட்டை ப்ளேயரின் நடுக்கம்பியில் குத்துமதிப்பாகத் தேடித் தேடி வைத்திருக்கிறார்கள், அடிக்கடி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கடைசிச் சோதனை உன் காதால் கேட்பதுதான். கடையில் போட்டுக் காட்டச் சொல், ஆனால் முதல் நிமிடம் கேட்காதே. கடைசி ஐந்து நிமிடம் கேள். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும், உள் ஓரத்தில் 21தான். அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டும். ஜாஸில் பக்கத்தின் கடைசிப் பாட்டு மெதுவானதாக இருந்தால் தப்பிக்கும். சிம்பொனிக்காரனோ பித்தளை வாத்தியம் மொத்தத்தையும் கடைசிக்கென்று வைத்திருப்பான். அங்கே ட்ரம்பெட் கிழிந்தால் கழுவினாலும் போகாது.

பியானோ தட்டு என்றால் துளை நடுவில் இருக்கிறதா என்றும் பார். ஊசிக்கை இடவலமாக ஆடினால் துளை விலகியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே உள் ஓரத்தில் சுருதி, அரைச்சுரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறி இறங்கும். வயலினில் அது கமகம்போல ஏமாற்றும், பியானோவில் குமட்டும்.

கழுவும் முறை கேட்டிருந்தாய். ஒரு லிட்டருக்கு 800 மில்லி டிஸ்டில்ட் வாட்டர், 200 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 5 மில்லி ஃபோட்டோ ஃப்ளோ (ஃபிலிம் கழுவுவோர் சேர்க்கும் சோப்பு மாதிரியான திரவம்). பக்கத்துக்கு 5, 6 மில்லி விட்டு, பிரஷ்ஷை வரியோடு வட்டமாக ஓட்டு, குறுக்கே தேய்க்காதே. ஓரிரு நிமிடம் ஊறட்டும், காயவிடாதே. உறிஞ்சும் மெஷினில் இரண்டு சுற்று போதும், அதற்குமேல் ஓடினால் நிலைமின்சாரம் ஏறி, அறையில் உள்ள தூசி எல்லாம் அதில்தான் உட்காரும். பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு முறை அலசி உறிஞ்சு. பலர் இந்த அலசலை விட்டுவிட்டு, ஊசியில் வெள்ளைப் பசை சேர்கிறது என்று புலம்புவார்கள், மிஞ்சிய சோப்புதான் அது. நிமிடத்துக்கு 78 சுற்றும் பழங்காலத் தட்டில் மட்டும் இந்தக் கலவை படக்கூடாது. அது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். கழுவியபின் பழைய உறைக்குள் திருப்பி நுழைக்காதே, பாலிஎத்திலீன் உள்ளுறை போடு. பி.வி.சி. உறை வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் தட்டின்மேல் பனி படர்ந்தாற்போல ஒரு படலம் வரும், ஓடவிட்டால் இரைச்சல்.

கார்ட்ரிட்ஜை ஊசிக்கையில் எந்தக் கோணத்தில் பொருத்துவது என்பதில், ஜாஸ் மட்டும் கேட்பவனுக்கு பேர்வால்ட் அளவு போதும், கோணப் பிழை பூஜ்யமாகும் புள்ளிகள் தட்டின் நடுவிலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டரில். நீ சிம்பொனியும் கேட்கிறாய், அதனால் ஸ்டீவன்சன் அளவை முயன்று பார்: 60.3, 117.4. உள் புள்ளி தட்டின் கடைசி வரிக்கே வந்துவிடுகிறது. நடுவில் கொஞ்சம் கூடுதலாகப் பிழை வரும், அது எனக்குச் சம்மதம்.

'அசல் தட்டுதான் உண்மையான ஒலியா' என்று கேட்டாய். எப்போதும் இல்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 தட்டை எடுத்துக்கொள். பதிவன்று ஒரு நாடாப்பொறி மெதுவாக ஓடியது, அதனால் முதல் பக்கத்து மூன்று பாட்டும் தட்டில் சற்று ஏறிய சுருதியில் ஒலிக்கும். 1992 பதிப்பில்தான் திருத்தினார்கள். கண் போன்ற சின்னம் ஆறு கொண்ட அந்த முதல் பதிப்பு லேபிளுக்குப் பெரிய தொகை கொடுப்பவன் தவறான சுருதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். ப்ளூ நோட் 2019இல் தொடங்கிய டோன் போயட் மறுபதிப்பு வரிசையும் கெவின் கிரே என்ற பொறியாளர் மூல நாடாவிலிருந்து வெட்டுவது. காது இல்லாத தட்டை முதல் பதிப்பு விலைக்கு வாங்குவதைவிட அதில் இரண்டு மூன்று வாங்கிப் பேசாமல் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொண்டு போ. போனிலுள்ள விளக்கு பரவலாக விழும், சாம்பல் பூத்தது தெரியாது. அன்சர்மேயின் இரண்டாம் பக்கம் 3 மணியில் என்ன எழுத்து என்று பார்த்து எழுது, உன் படத்தில் விரல் மறைக்கிறது. முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது. மாடிப்படி ஏறித் தட்டு தேடுவதைக் கொஞ்சநாள் நிறுத்தச் சொன்னாரானால், அதை மறைக்காமல் எழுது.

அன்புடன்,
ரகு